கண்ணாடியில் கட்டிய டை

சிட்னிக்கு வந்திறங்கிய முதல் கிழமையே எனக்குச் சொல்லப்பட்ட சட்டம் ஒன்றுதான். டை கட்டாமல் வீட்டுப் படி தாண்டக்கூடாது.

எழுபதுகளின் நடுப்பகுதி. எங்கள் ஆட்கள், சிலோன் தமிழர், என்று சொல்லக்கூடியது அப்போது மொத்தம் ஒன்பது குடும்பம். எல்லாருக்கும் முந்தி வந்த ஓர் அங்கிள் பிளாக்டவுனில் வீடு வாங்கியிருந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் எல்லாரும் அங்கேதான் கூடுவோம். குசினிக்குள் பெண்கள் இடியப்பம் பிழிய, முன் அறையில் கதிரைகளைச் சுவரோரமாகப் போட்டுக்கொண்டு அங்கிள் புதிதாக வந்தவர்களுக்கு வகுப்பெடுப்பார்.

"எங்கட நிறத்துக்கு இஞ்ச ஒரு கரைச்சல் இருக்கு. இந்த ஊர்ப் பூர்வகுடியள் எண்டு பொலிஸ்காரன் நினைச்சிட்டான் எண்டால் முடிஞ்சுது. டையும் கையில ஒரு பையும் இருந்தால் ஒருத்தனும் கிட்ட வரமாட்டான். பால் வாங்கப் போனாலும் கட்டுங்கோ!"

கட்டினோம். சத்தியமாகக் கட்டினோம். உடுப்புத் தோய்க்கிற கடைக்கும், பிள்ளையின் தடுப்பூசிக்கும், நாற்பது பாகை வெயிலில் கடற்கரைக்கும்கூட டையோடு போன தமிழர் நாங்கள். ஒன்பது பேரில் நான்தான் கடும் கறுப்பு. ஊரில் கலியாணம் பேசும்போது பெண் வீட்டார் என் படத்தை இரண்டு தரம் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். அதனால் அங்கிள் அந்தச் சட்டத்தைச் சொல்லும்போதெல்லாம் என்னைப் பார்த்தே சொல்லுவார். நானும் பெரிய விஷயம் விளங்கியவன் போலத் தலையாட்டுவேன். பூர்வகுடிகளைப் பொலிஸ் ஏன் அடிக்க வேண்டும் என்று அந்த அறையில் ஒருவரும் கேட்டதில்லை. அடி எங்களுக்குத் தவறி விழக்கூடாது, அவ்வளவுதான் எங்கள் கவலை.

எனக்கு ஒரு ரயில் பட்டறையில் படவரைஞர் வேலை. எஞ்சின் பாகங்களை அளந்து கடதாசியில் வரைய வேண்டும். மேல்மாடியில் அலுவலகம், கீழே பட்டறை. கீழே கடைசல் பிடித்துக்கொண்டிருந்தவர்களில் ஒருவன் பூர்வகுடி. என் வயதுதான். என் உயரம். கறுப்பில் என்னைவிட ஒரு பிடி குறைவு. மத்தியானத்தில் வெள்ளைக்காரர்கள் ஒரு வாங்குப் பலகையில் இருப்பார்கள், இத்தாலியரும் கிரேக்கரும் இன்னொன்றில். மிச்சமிருந்த வாங்கில் நாங்கள் இரண்டு பேர். என் பாணுக்குள் இருந்த செத்தல் மிளகாய்ச் சம்பலை ஒருநாள் கேட்டு வாங்கித் தின்று, கண்ணால் நீர் ஓட ஓட, நாளைக்கும் கொண்டுவா என்றான். அன்றிலிருந்து என் மனைவி இரண்டு பேருக்குக் கட்டித் தந்தாள். என்னை அவன் 'பிரதர்' என்றுதான் கூப்பிடுவான். அவன் பேசியதெல்லாம் ஆங்கிலம். நான் என் தமிழில் எழுதுகிறேன்.

என் டையைப் பார்த்தால் அவனுக்குச் சிரிப்பு அடங்காது. "பிரதர், செத்த வீட்டுக்கோ போறாய்?" என்பான். ஏன் கட்டுகிறேன் என்ற உண்மையை அவனிடம் நான் சொன்னதில்லை. உன்னைப்போல ஒருத்தன் என்று நினைத்துவிடாமல் இருக்கத்தான் என்று எந்த முகத்தோடு சொல்லுவது?

ஒரு வெள்ளிக்கிழமை. குளிர்காலம் முடிகிற நேரம், நல்ல வெயில். பின்னேரம் பட்டறைக்குள் போய்ச் சுழல்கிற தண்டொன்றை அளக்க வேண்டி வந்தது. கடைசல் இயந்திரத்துக்குக் கிட்டப் போகும்போது டையைக் கழற்றிவிட வேண்டும், அது பட்டறை விதி. சுற்றிக்கொண்டால் கழுத்து போய்விடும். கழற்றிச் சுருட்டிக் காற்சட்டைப் பைக்குள் வைத்தேன். மூன்றரைக்குச் சங்கு ஊதியது. அவனும் நானும் அவன் மனைவியின் பிள்ளைப்பேறு பற்றிக் கதைத்துக்கொண்டே ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, முதல் பிள்ளை, பெண்பிள்ளைதான் வேண்டும் என்றான். டை என் பைக்குள்ளேயே கிடந்தது.

வழியில் ஒரு மதுக்கடை. சம்பள நாள். வாசலில் பட்டறையின் வெள்ளைக்காரப் பெடியள் ஐந்தாறு பேர் ஒருவரை ஒருவர் தள்ளிக்கொண்டு நின்றார்கள். ஒருத்தன் போத்தலைத் தூக்கி நடுத்தெருவில் அடித்து உடைத்தான். இன்னொருத்தன் கடைச் சுவரிலேயே ஒன்றுக்கு இருந்தான். பொலிஸ் வான் ஒன்று மெதுவாக வந்தது. உள்ளே இரண்டு பேர். ஓட்டிவந்தவன் கண்ணாடியை இறக்கி, "வீட்ட போங்கோடா பெடியள், மனிசிமார் தேடப்போறாளவை" என்றான். அவர்கள் சிரித்தார்கள், இவனும் சிரித்தான். வான் நகர்ந்து நேரே எங்களுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

நாங்கள் செய்துகொண்டிருந்த குற்றம், தெருவில் நடந்துபோனது. வேறொன்றுமில்லை.

"சுவரில கை வை" என்றான் ஒருத்தன். என் நண்பன் திரும்பிச் சுவரில் கையை வைத்துக் காலை அகட்டினான். மழை வந்தால் குடை விரிப்பதுபோல அவ்வளவு பழக்கமாகச் செய்தான். எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. எனக்கிருந்த பழக்கம் வேறு. டை! டை கட்டவில்லை! என் மூளைக்குள் அது ஒன்றுதான் மணியடித்தது. இவர்களுக்குத் தெரியவில்லை, டையைக் கண்டால் தெரிந்துவிடும். பொலிஸ்காரன் கை வை என்று கத்திக்கொண்டிருக்க, நான், படித்த முட்டாள், அவசர அவசரமாகக் காற்சட்டைப் பைக்குள் கையை விட்டேன்.

உலகத்தில் வேறு எந்தச் சாதி மனிதனும் இந்த விசர்வேலையைச் செய்திருக்கமாட்டான்.

கத்தி எடுக்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, குண்டாந்தடி என் மணிக்கட்டில் இறங்கியது. வலியில் கீழே குந்திவிட்டேன். டை என் கையிலிருந்து பாதி அவிழ்ந்து மண்ணில் விழுந்தது. தடி இரண்டாம் தரம் எழும்பியபோது என் நண்பன் சுவரை விட்டுத் திரும்பி எனக்கும் தடிக்கும் நடுவில் வந்தான்.

"அது டை, சேர்! டை! இவர் எங்கட ஆள் இல்லை. சிலோன்காரர், ஒபிஸில வேலை. இவரை அடிக்காதேங்கோ!"

அவன் யாரையும் தொடவில்லை. இரண்டு கையையும் விரித்துப் பிடித்தபடி நின்றான். நான் கீழேயிருந்து முழுவதையும் பார்த்தேன். மற்றப் பொலிஸ்காரன் பின்னால் வந்து அவன் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கீழே போட்டான்.

என்னை அடித்தவன் என் சேட்டுப் பைக்குள் இருந்த வேலை அட்டையை எடுத்து வாசித்தான். படவரைஞர் என்று இருந்தது. நான் ஏதோ ஆங்கிலத்தில் குழறினேன். அந்த ஆங்கிலத்தைக் கேட்டதும் அவன் முகம் அப்படியே மாறிவிட்டது. சீ, அந்த மாற்றம்தான் எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மிருகமாகவே இருந்திருந்தால்கூடப் பரவாயில்லை. குனிந்து, என் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்தி, "மன்னிக்க வேணும், சேர். அவங்களில ஒருத்தன் எண்டு நினைச்சிட்டன்" என்றான். டையை எடுத்து இரண்டு தட்டுத் தட்டி மண்ணை உதறி என் கையில் தந்தான். வானின் பக்கக் கண்ணாடியைக் காட்டி, "அதில பாத்துக் கட்டுங்கோ, சேர்" என்றான்.

"தேங்க் யூ, சேர்" என்றேன் நான்.

கட்டினேன். மணிக்கட்டு வீங்கிக்கொண்டு வந்தது, முடிச்சு இரண்டு தரம் பிழைத்தது. கண்ணாடிக்குள் என் கழுத்து இருந்தது. கழுத்துக்குப் பின்னால் தெரு இருந்தது. தெருவில் என் நண்பன் குப்புறக் கிடந்தான், ஒருத்தன் அவன் முதுகில் முழங்காலை ஊன்றிக்கொண்டிருக்க, என்னை 'சேர்' என்று கூப்பிட்ட அதே ஆள் போய் விலாவில் உதைத்தான். ஒருதரம் இல்லை. மூன்றாவது உதையில் அவன் முகம் என் பக்கம் புரண்டது. கண்ணாடிக்குள் அவன் கண் என் கண்ணைச் சந்தித்தது. நான் முடிச்சை மேலே இழுத்துச் சரிசெய்தேன்.

அவனை வானுக்குள் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் ஸ்டேஷனுக்கு நடந்தேன். வழக்கமாகப் பிடிக்கிற ரயிலையே பிடித்தேன். மதுக்கடை வாசலில் அந்தப் பெடியள் அப்போதும் போத்தல் உடைத்துக்கொண்டுதான் நின்றார்கள்.

மணிக்கட்டு வீக்கத்தால் பத்து நாள் பேனை பிடிக்க முடியவில்லை. கதவில் நசுங்கியது என்று அலுவலகத்தில் சொன்னேன். மனைவியிடம் மட்டும் நடந்ததெல்லாம் சொன்னேன், கண்ணாடியையும் சேர்த்து. அவள் உப்பு ஒத்தடம் கொடுத்தாள்.

அடுத்த ஞாயிறு காலமை எங்கள் கதவைத் தட்டியது அவனுடைய மனைவி. பட்டறையில் யாரிடமோ விலாசம் வாங்கி, இரண்டு ரயில் மாறி, அந்த வயிற்றோடு வந்திருந்தாள். குசினிக் கதிரையில் இருக்கவைத்து என் மனைவி தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள். அவன் மேல் மூன்று குற்றம் எழுதியிருக்கிறார்கள் என்றாள். குடிவெறி, கைதுக்கு இணங்காதது, பொலிஸ்காரனுக்கு அடித்தது. அன்றைக்கு அவன் ஒரு துளி குடிக்கவில்லை என்பதற்கு நானே சாட்சி. விலாவில் இரண்டு எலும்பு உடைந்திருக்கிறது, விழுந்து உடைந்தது என்று அதையும் எழுதியாயிற்றாம்.

"நீங்கள் கண்டதை மட்டும் வந்து சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள். சாட்சி இல்லாவிட்டால் சிறை நிச்சயம் என்று வக்கீல் சொல்லிவிட்டாராம். சிறைக்குப் போனால் பட்டறை வேலை போய்விடும். வருமானம் இல்லாத வீட்டில் பிள்ளை பிறந்தால் அதைக் கொண்டுபோக அரசாங்க வெல்பெயர்க்காரர் கார் கொண்டுவந்து நிறுத்துவார்கள். தன் அக்காவின் இரண்டு பிள்ளைகளை அப்படித்தான் ஏற்றிக்கொண்டு போனார்கள், பிறகு காணவேயில்லை என்றாள். அழவில்லை. வயிற்றில் கையை வைத்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வாறன் என்று சொன்னேன்.

அன்று பின்னேரமே அங்கிள் வீட்டில் கூட்டம். என் மனைவி ஆற்றாமையில் ஒருத்தியிடம் சொன்ன கதை எனக்கு முன்னமே அங்கே போயிருந்தது. நான் செருப்புக் கழற்றுவதற்குள் அங்கிள் எழும்பி என் தோளில் தட்டினார்.

"பாத்தீங்களோ! நான் சொன்னனான் எல்லோ? டையைக் கண்ட உடன விட்டிட்டாங்கள். சேர் எண்டு கூப்பிட்டவனாம்!"

எல்லாரும் சிரித்தார்கள். ஒருவர் என் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்துவிட்டு, இனிமேல் படுக்கையிலும் கட்டிக்கொண்டு படும் என்று பகிடி விட்டார். நானும் சிரித்தேன். இடியப்பம் வந்தது, சொதி வந்தது, தின்றேன்.

சாட்சி விஷயத்தைச் சொன்னதும் சிரிப்பு நின்றது.

"உமக்கென்ன விசரே?" என்றார் அங்கிள். "அவங்கள் வேற, நாங்கள் வேற. முதல்ல நீர் ஏன் அவனோட சேர்ந்து நடந்தனீர்? சிற்றிசன் பேப்பருக்குப் போட்டிருக்கிறீர் எல்லோ. அதுக்குப் பொலிஸ் ரிப்போட் வேணும். அது ஆரின்ர கையால வரும் எண்டு நினைக்கிறீர்? கோர்ட்டுப்படி ஏறாத குடும்பம் உம்மடது. இஞ்ச வந்தோ ஏறப்போறீர்?"

"அவர் எனக்காகத்தான் நடுவில வந்தவர்" என்றேன்.

"ஆர் வரச் சொன்னது?"

அதற்கு ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்பது குடும்பத்தில் ஒரு வாய்கூட. ஊரில் எங்களை அடிக்கிறார்கள், கேட்பார் இல்லை என்று அதே கதிரைகளில் இருந்து மணிக்கணக்காகப் பொருமிய வாய்கள் அவை. தூ! அந்த எட்டு வாயையும் சேர்த்துத் துப்பலாம் என்றால், ஒன்பதாவது என்னுடையது.

திரும்பி வரும்போது ரயிலில் என் மனைவி சொன்னாள், "அந்தப் பிள்ளைத்தாச்சி எங்கட கதிரையில இருந்து கேட்டிட்டுப் போயிருக்கு. பேப்பர் வராட்டில் வராமல் போகட்டும். கண்டதைச் சொல்லுங்கோ."

"ஓம்" என்றேன்.

வழக்கு நாளன்று காலமை அவளே சேட்டை ஸ்திரிக்கை போட்டுத் தந்தாள். கோட்டுப் போட்டு, அதே டையைக் கட்டிக்கொண்டு போனேன். நீதிமன்றத்துக்குள் நுழைந்தபோது வாசலில் நின்ற காவலாளி என்னை வக்கீல் என்று நினைத்து முன் வரிசையைக் காட்டினான். பின் வாங்குகள் முழுக்கக் கறுப்பு முகங்கள். அன்றைய வழக்குகள் எல்லாம் அவர்களுடையவைதான் போலிருந்தது. அதே மூன்று குற்றங்களை ஒரு ஆள் மாற்றி ஒரு ஆளுக்குப் பாடம் ஒப்பிப்பதுபோல வாசித்துக்கொண்டிருந்தார்கள்.

என் முறை வந்தது. நண்பனின் வக்கீல் இளம் ஆள், நீளத் தலைமயிர், காசு வாங்காமல் வந்தவன். அன்று என்ன கண்டீர்கள் என்று கேட்டான். என் நண்பன் அவனுக்குப் பக்கத்தில் இருந்தான், ஒரு பக்கம் சாய்ந்தபடி. விலா இன்னும் சுகமாகவில்லை. பின் வாங்கில் அவன் மனைவி. எதிரே, பொலிஸ் வரிசையில், என்னைத் தூக்கி நிறுத்திய அந்த ஆள் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்து இலேசாகத் தலையசைத்தான்.

வாயைத் திறந்தேன். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்த வசனங்கள் ஒன்றும் வரவில்லை.

"நான் டை கட்டிக்கொண்டு நிண்டனான், சேர். அவையள் எனக்குப் பின்னால நிண்டவை" என்றேன்.

வக்கீல் திகைத்துப்போனான். அதற்கு முன் உங்கள் நண்பர் பொலிஸ்காரரை அடித்தாரா என்றான். நான் கீழே விழுந்து கிடந்தேன், சரியாகத் தெரியவில்லை என்றேன். பிறகு ஏதாவது சத்தம் கேட்டதா என்றான். வாகனச் சத்தம் கேட்டது என்றேன். அடுத்துப் பொலிஸ் தரப்பு எழும்பியது. உங்களை மரியாதையாக நடத்தினார்களா? ஓம், சேர். மன்னிப்புக் கேட்டார்களா? ஓம், சேர். மணிக்கட்டில் பட்டது ஒரு தவறான விளக்கத்தால்தானே? ஓம், சேர். ஒவ்வொரு ஓமும் முந்தியதைவிட இலேசாக வந்தது. நீதவான் மூக்குக்கண்ணாடிக்கு மேலால் என்னை அன்போடு பார்த்தார். நல்ல மனுஷன் என்று நினைத்திருப்பார்.

அப்போதுதான் என் நண்பன் அசைந்தான். வக்கீலின் காதுப்பக்கம் குனிந்தான். எனக்கு விளங்கிவிட்டது. ஒரு சொல் போதும். கண்ணாடி. வானின் கண்ணாடியில் என்ன கண்டாய் என்று வக்கீல் கேட்டால் எனக்கு ஓட இடமில்லை. நான் அதற்குள் கண்டது அவனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அந்த மண்டபத்தில் வேறு ஒருவருக்கும் தெரியாது. அவன் வாய் திறந்தபடி என்னைப் பார்த்தான். சாட்சிக் கூண்டின் மரச்சட்டத்தை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தேன். அதை அவன் கண்டிருக்க வேண்டும். என்ன சொல்லப்போகிறாய் என்று வக்கீல் தலையைச் சரித்தான். என் நண்பன் வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு, விலாவைப் பிடித்துக்கொண்டு கதிரையில் சாய்ந்தான்.

தடியிலிருந்து ஒருதரம். கூண்டுக்குள் என் பொய் பிடிபடாமல் இரண்டாம் தரம். அவன்தான் தப்பவைத்தான்.

நாலு மாதச் சிறை. தீர்ப்புச் சொல்ல எடுத்த நேரம் நான் டை கட்ட எடுத்த நேரத்தைவிடக் குறைவு. அவன் மனைவி கைப்பையை எடுத்துக்கொண்டு, வாங்குகளைப் பிடித்துப் பிடித்து, என்னைக் கடந்து வெளியே போனாள். பிள்ளை பிறந்ததா, வெல்பெயர்க்காரர் கார் கொண்டுவந்து நிறுத்தினார்களா, ஒன்றும் எனக்குத் தெரியாது. விசாரிக்கவில்லை. அடுத்த வருஷம் சிற்றிசன் பேப்பர் சுகமாக வந்தது. கையோடு வேலை மாற்றம் வாங்கிக்கொண்டு மெல்போர்னுக்குப் போய்விட்டோம். வழக்கு முடிந்து வீட்டுக்கு வந்த அன்று மனைவி கேட்டாள், "கண்டதைச் சொன்னனீங்களோ?" "சொன்னனான், எடுபடேல்லை" என்றேன். இவ்வளவு காலமும் அதைத்தான் நம்பிக்கொண்டிருக்கிறாள். இதை வாசித்துத்தான் அறியப்போகிறாள்.

ஆனால் ஒன்றை இன்னும் சொல்லவில்லை. அன்று நான் நீதிமன்றத்தை விட்டு வெளியே வந்தபோது, அந்தப் பெரிய மரக்கதவை எனக்காகத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றவன் அதே பொலிஸ்காரன். வெளியே நின்ற கறுப்புச் சனம் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது. "நல்லது, சேர்" என்றான், என் டையைப் பார்த்துச் சிரித்தபடி.

"தேங்க் யூ" என்றேன் நான், இரண்டாம் தரமும்.